தோள்பட்டைத் தசைநாண் கிழிவும் காந்தப் படமும்

ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இருக்கும் இல்லங்களில் தோள் வலி என்பது புதிய செய்தியன்று. பரணில் உள்ள பாத்திரத்தை எடுக்க முடியவில்லை என்பார் ஒருவர். தலை வாரிக்கொள்ளக் கை எழவில்லை என்பார் மற்றொருவர். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் உறக்கமே வருவதில்லை என்பார் வேறொருவர். தில்லிக் குளிர் வந்துவிட்டால் இம்முறையீடுகள் இன்னும் பெருகும். சில நாள் தைலம், சில நாள் ஒத்தடம், சில நாள் மாத்திரை என்று காலம் கழித்த பின்னர் டாக்டரிடம் செல்வதும், அவர் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து வரச் சொல்வதும், 'தசைநாண் கிழிந்திருக்கிறது' என்று அறிக்கை வருவதும், அதைக் கண்டு வீட்டார் அனைவரும் திகிலடைவதும் இன்று தலைநகரில் சர்வ சாதாரணமாகிவிட்டன.

அதன்பின் எழும் கேள்விகள் இரண்டு. ரண சிகிச்சை செய்துகொள்ள வேண்டுமா? வேண்டுமெனில் உடனேயா, பொறுத்துப் பார்த்தா? இவ்விரண்டிலும் தவறு நேர இடமுண்டு. தேவையில்லாத கத்திக்குத் தோளைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தைத்திருக்கக் கூடிய கிழிவை, தைக்க இயலாத நிலை வரும்வரை தைலம் தடவியே கழித்தவர்களும் இருக்கிறார்கள். இவ்விரு தவறுகளிலிருந்தும் நம்மைக் காக்கும் ஆற்றல் அந்தப் படத்துக்கு உண்டு. ஆனால் அதை எதற்காக எடுக்கிறோம், அது எதைக் கூறும், எதைக் கூறாது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். அதை நம் அன்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோளின் அமைப்பு

மனித உடலில் உள்ள மூட்டுக்கள் அனைத்திலும் மிகச் சுதந்திரமாகச் சுழல்வது தோள் மூட்டே. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஆழமான கிண்ணம் ஒன்றில் பொருந்தியிருக்கிறது. தோளிலோ கிண்ணம் மிகவும் ஆழம் குறைந்தது. சிறு தட்டின் மேல் பெரிய பந்தொன்றை நிறுத்தினாற்போன்ற அமைப்பு அது. பந்து தட்டைவிட்டு நழுவாமல் அணைத்துப் பிடித்திருப்பவை நான்கு தசைகள். மேற்புறம் சுப்ராஸ்பைனேட்டஸ், பின்புறம் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், அதற்குக் கீழே டெரிஸ் மைனர், முன்புறம் சப்ஸ்காபுலாரிஸ் என்பன அவற்றின் பெயர்கள்.

தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிற்றையே தசைநாண் என்கிறோம். வில்லுக்கு நாண் எத்தகையதோ, கைக்குத் தசைநாண் அத்தகையது. நாண் அறுந்தால் வில் எவ்வளவு உறுதியாயினும் பயனில்லை. மேற்சொன்ன நான்கு தசைகளின் நாண்களும் ஒன்றுசேர்ந்து, சட்டையின் கைப்பட்டியைப் போல மேற்கை எலும்பின் தலையைச் சுற்றி அமைந்திருக்கின்றன. இதனை டாக்டர்கள் 'ரொட்டேட்டர் கஃப்' என்பார்கள். நாம் இங்கே சுழல்பட்டை என்று குறிப்போம்.

இப்பட்டையில் அடிக்கடி கிழிவது மேற்புறத்து நாண். தோளின் உச்சியில் கூரை போல் கவிந்திருக்கும் எலும்புக்கும் கீழேயுள்ள பந்துக்கும் நடுவே, குறுகிய இடத்தில் அது ஓடுகிறது. வயது ஏற ஏற நைந்துபோவது ஒருவகைக் கிழிவு. குளியலறையில் வழுக்கியோ, ஸ்கூட்டரிலிருந்தோ, ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதோ கையை ஊன்றி விழுந்து, நன்றாயிருந்த நாண் திடீரென்று அறுவது மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

கண்ணுக்குத் தெரியாத கிழிவு

1895-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ்-ரே கதிரைக் கண்டுபிடித்த பிறகு, எலும்பு முறிவுகளைக் காண்பது எளிதாயிற்று. ஆனால் எக்ஸ்-ரே படத்தில் தசைநாண் தெரிவதில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த டாக்டர் கோட்மன், கிழிந்த தோள் நாணைத் தைத்த விவரத்தை 1911-இல் வெளியிட்டார்; 1934-இல் தோளைப் பற்றி விரிவான நூலொன்றும் எழுதினார். அவர் காலத்தில் நாண் கிழிந்திருப்பதைக் கையால் பரிசோதித்து ஊகிக்க வேண்டும். இல்லையேல் தோளைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

1939-இல் ஸ்வீடன் தேசத்து டாக்டர் லிண்ட்ப்ளோம், மூட்டினுள் மருந்தை ஊசி மூலம் செலுத்தி எக்ஸ்-ரே எடுக்கும் முறையைக் கையாண்டார். மூட்டினுள் செலுத்திய மருந்து மேலேயுள்ள பைக்குள் கசிந்தால் நாணில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். குடத்தில் நீர் ஊற்றி ஒழுக்கைக் கண்டுபிடிப்பது போன்ற உபாயம் இது. ஓட்டை உண்டா இல்லையா என்பதை இது தெரிவித்தது. நாணின் அறுந்த முனை எங்கே போயிற்று, தசையின் நிலை என்ன என்பவற்றைத் தெரிவிக்கவில்லை. அவற்றை அறிவதற்கு வேறொரு விஞ்ஞானம் பிறக்க வேண்டியிருந்தது.

காந்தப் படம் வந்த வரலாறு

நமது உடலின் பெரும் பகுதி நீர். நீரின் ஒவ்வோர் அணுத்திரளிலும் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு உண்டு. வலிமை மிக்க காந்தத்தின் நடுவே உடலை வைத்தால், இந்த ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள் சிறு பம்பரங்களைப் போல அக்காந்தத்துக்கு இசைந்து சுழலும். அப்போது ரேடியோ அலையொன்றைச் செலுத்தி நிறுத்தினால், அவை தாமும் மெல்லிய ரேடியோ ஒலிபரப்பாகப் பதில் கொடுக்கும். அப்பதில் கொழுப்பில் ஒருவிதமாகவும், நீரில் ஒருவிதமாகவும், நாணில் ஒருவிதமாகவும் இருக்கும். அதைக் கணிப்பொறி படமாக்கித் தருகிறது. எம்.ஆர்.ஐ. என்பதன் சாரம் இவ்வளவே. இதில் எக்ஸ்-ரே கதிர் இல்லை. சாதாரணமாகப் பயன்படும் 1.5 டெஸ்லா காந்தம், பூமியின் காந்த சக்தியைப்போல் சுமார் 30,000 மடங்கு வலிமையுள்ளது.

அணுக்கருவின் இந்தக் காந்த ஒத்திசைவை 1946-இல் அமெரிக்காவில் ப்ளாக், பர்செல் என்ற இருவர் தனித்தனியே கண்டறிந்து, 1952-இல் நோபல் பரிசு பெற்றனர். ஐந்தே ஆண்டுகளுக்குள், 1951-இல், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூர்யன் என்பவர், ஓடும் திரவத்தில் இந்த ஒத்திசைவு எவ்வாறு மாறுகிறது என்று ஆராய்ந்து வெளியிட்டார் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. 1973-இல் லாட்டர்பர் என்னும் அமெரிக்கர் இதைக் கொண்டு படம் வரையலாம் என்று காட்டினார். அவருக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியாவின் முதல் எம்.ஆர்.ஐ. கருவி நிறுவப்பெற்றது நம் தில்லி மாநகரில்தான். வடதில்லியில் திமார்பூரில், பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த 'இன்மாஸ்' என்னும் அணு மருத்துவ நிலையத்தில் 1986-இல் அது வந்தது. அன்று தேசத்துக்கே அரிய பொருளாயிருந்த கருவி, இன்று கரோல்பாக்கிலும் ஜனக்புரியிலும் மயூர்விஹாரிலும் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. உள்நாட்டிலேயே 'சமீர்' என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 1.5 டெஸ்லா கருவியை, 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் வைத்துப் பரிசோதிப்பதற்கு 2025 மார்ச்சில் ஒப்பந்தமும் ஆயிற்று.

கருவி அருகில் வந்துவிட்டது நன்மையே. ஆனால் அருகில் இருப்பதாலேயே, டாக்டர் கையைத் தொட்டுப் பார்க்குமுன் படத்தை எடுத்துக்கொண்டு போகும் பழக்கமும் வந்துவிட்டது. அது சரியான முறையன்று.

முதலில் கை, பிறகு படம்

தேர்ந்த டாக்டர் முதலில் செய்வது, நோயாளியின் கையைத் தாமே தூக்கிப் பார்ப்பது. நோயாளியால் தூக்க முடியாத கையை டாக்டர் எளிதாகத் தூக்க முடிந்தால், நாண் கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும். டாக்டர் தூக்கினாலும் கை எழாமல் இறுகியிருந்தால், அது பெரும்பாலும் 'உறைந்த தோள்' என்னும் வேறு நோய். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மிகுதியாக வரும். தைப்பதற்கு அதில் ஏதுமில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியப் பைசா செலவில்லாத இந்தப் பரிசோதனையே போதுமானது.

அடுத்தது சாதாரண எக்ஸ்-ரே. நாண் அதில் தெரியாவிடினும், பந்துக்கும் கூரை எலும்புக்கும் உள்ள இடைவெளி தெரியும். அது 7 மில்லிமீட்டருக்கும் குறைந்திருந்தால், பட்டை நெடுநாளாகப் பெரிய அளவில் கிழிந்து, பந்து மேலேறிவிட்டது என்று கொள்ளலாம். மூட்டுத் தேய்மானமும், நாணில் படிந்த சுண்ணாம்பும் இப்படத்திலேயே புலப்படும்.

மூன்றாவது அல்ட்ராசவுண்ட். இதில் செலவு குறைவு. கையை அசைத்துக்கொண்டே பார்க்கலாம். நாண் முழுதும் கிழிந்திருப்பதைக் கண்டுபிடிப்பதில், பழகிய கையில் இது எம்.ஆர்.ஐ.க்குக் கிட்டத்தட்ட இணையானது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆனால் எல்லாம் கருவியைப் பிடித்திருப்பவரின் தேர்ச்சியைப் பொறுத்தது. அன்றியும், ஒலி எலும்பை ஊடுருவாது. ஆகையால் கூரை எலும்புக்கு அடியில் ஒளிந்துகொண்ட நாண் முனையை அது காண இயலாது. ரண சிகிச்சை வேண்டாம் என்றிருப்பவருக்கு அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் போதும். ரண சிகிச்சை பற்றி யோசிப்பவருக்கே எம்.ஆர்.ஐ. இன்றியமையாததாகிறது.

படம் விடை கூற வேண்டிய ஐந்து கேள்விகள்

ரண சிகிச்சைக்கு முன் எடுக்கும் படத்தில் நிபுணர் தேடுவது 'கிழிவு உண்டா' என்ற ஒரு விடையை மட்டும் அன்று. அவருக்கு ஐந்து விடைகள் தேவை.

முதலாவது, கிழிவு பாதியா, முழுமையா என்பது. காந்தப் படத்தில் ஆரோக்கியமான நாண் கரிய கோடாகத் தெரியும். நீர் வெண்மையாகத் தெரியும். கரிய நாணின் குறுக்கே மேலிருந்து கீழ்வரை வெண்கோடு ஓடினால் முழுப் பருமனும் கிழிந்தது என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் வெண்மை இருந்தால் பாதிக் கிழிவு. இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். 'முழுப் பருமன் கிழிவு' என்று அறிக்கையில் கண்டதும், நாண் முழுவதும் அறுந்து தொங்குவதாகப் பலர் அஞ்சுகிறார்கள். அப்படியன்று. வேட்டியில் சிறு பொத்தல் விழுந்தாலும் அது துணியின் பருமன் முழுதையும் துளைத்த பொத்தலே. ஆனால் வேட்டி இரண்டாகிவிடவில்லை. பாதிக் கிழிவில் நாணின் பருமனில் பாதிக்கு மேல் போயிருந்தால் தைப்பதைப் பற்றியும், குறைவாயிருந்தால் பயிற்சியைப் பற்றியும் யோசிப்பது பொதுவான வழக்கம்.

இரண்டாவது, கிழிவின் அளவு. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தது சிறியது; ஒன்று முதல் மூன்று வரை நடுத்தரம்; மூன்று முதல் ஐந்து வரை பெரியது; அதற்கும் மேற்பட்டது மிகப் பெரியது என 1984-இல் வகுக்கப்பட்ட கணக்கு இன்றும் வழங்குகிறது. எத்தனை நங்கூரங்களை எலும்பில் பதிக்க வேண்டும், ஒரு வரிசைத் தையலா, இரு வரிசையா என்பவற்றை நிபுணர் இதைக் கொண்டு திட்டமிடுவார்.

மூன்றாவது, அறுந்த முனை எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது என்பது. இழுத்துக் கட்டிய ரப்பர் நாடா அறுந்தால் சுருண்டு பின்னே போவதுபோல, தசை தன் நாணை உள்ளே இழுத்துக்கொள்ளும். முனை எலும்பின் அருகிலேயே இருந்தால் தைப்பது எளிது. பந்தின் உச்சிவரை போயிருந்தால் சற்றுக் கடினம். கிண்ணத்தின் விளிம்பு வரை போய்விட்டால் மீண்டும் இழுத்துக் கொணர்வது பெரும்பாடு.

நான்காவது, தசையின் நிலை. இதுவே மிக முக்கியமானது. நோயாளிகள் மிகக் குறைவாகக் கேள்விப்படுவதும் இதுவே. நாண் அறுந்து வேலையற்றுப்போன தசை மெலிந்து, அதன் இழைகளினூடே கொழுப்பு படரத் தொடங்கும். உழப்படாத வயலில் புல் மண்டுவது போன்றது இது. பிரான்ஸ் தேசத்து டாக்டர் கூட்டாலியே 1994-இல் இதனைப் பூஜ்யம் முதல் நான்கு வரை தரம் பிரித்தார். தசை மிகுந்து கொழுப்பு குறைந்திருப்பது இரண்டாம் தரம். இரண்டும் சமமானால் மூன்று. கொழுப்பே மிகுந்தால் நான்கு. அவர் சி.டி. படத்தில் கண்ட இக்கணக்கு பின்னர் எம்.ஆர்.ஐ.க்கும் பொருத்தப்பட்டது. ஒருமுறை கொழுப்பாக மாறிய தசை, நாணைத் தைத்த பின்னும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மூன்று, நான்கு தரங்களில் தைத்த நாண் ஒட்டாமல் போவதும் மிகுதி. ஆகவே, 'தைக்கலாமா' என்ற கேள்விக்கு விடை கிழிவில் மட்டும் இல்லை. அதை இழுக்கும் தசையிலும் இருக்கிறது. தோள் மூட்டின் குறுக்கே வெட்டினாற்போல எடுக்கும் படங்கள் போதிய அளவு உட்புறம் செல்லாவிடில் இவ்விவரம் கிடைக்காது.

ஐந்தாவது, கூட இருக்கும் பழுதுகள். முன்புறத்து சப்ஸ்காபுலாரிஸ் கிழிந்திருக்கிறதா? இருதலைத் தசையின் நாண் தன் பள்ளத்தைவிட்டு நழுவியிருக்கிறதா? மூட்டின் வழவழப்புத் தேய்ந்துவிட்டதா? இவை முன்கூட்டித் தெரிந்தால் மேசைமேல் எதிர்பாராத சங்கடம் இராது.

சில சமயங்களில், மூட்டினுள் மருந்தைச் செலுத்தியபின் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். நாணின் அடிப்பக்கத்தில் உள்ள சிறு கிழிவுகளையும் கிண்ணத்தின் விளிம்புப் பழுதுகளையும் காண்பதில் இம்முறையே மிகத் துல்லியமானது. ஆனால் ஊசி உண்டு. ஆகையால் எல்லோருக்கும் இது தேவையில்லை. பந்து எறியும் விளையாட்டு வீரர்கள் போன்றோருக்கு இது பெரிதும் உதவும்.

படம் ஏமாற்றுவதும் உண்டு

நிற்க. படம் கூறுவதையெல்லாம் வேதவாக்காகக் கொள்வதும் பிழை.

காந்தத்தின் திசைக்கு ஏறக்குறைய 55 பாகைக் கோணத்தில் நாண் வளையும் இடத்தில், கிழிவே இல்லாமல் படத்தில் வெண்மை தோன்றும். இதனை 'மாயக் கோணம்' என்றே நிபுணர்கள் அழைக்கிறார்கள். சுப்ராஸ்பைனேட்டஸ் நாண் வழக்கமாகக் கிழியும் இடமும் இந்த வளைவுக்கு அருகிலேயே அமைந்திருப்பது ஒரு சோதனை. வேறு முறையில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுத்தான் உண்மையைத் தெளிய வேண்டும்.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. 1995-இல் அமெரிக்காவில், தோள் வலியே இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கு நாணில் பாதியோ முழுமையோ கிழிவு இருந்தது! தலை நரைப்பதுபோல நாண் நைவதும் வயதின் அடையாளமாயிருக்கலாம் என்பதே இதன் பொருள். ஆகவே, வலியும் இருக்கிறது, படத்தில் கிழிவும் இருக்கிறது என்பதனால் மட்டும் வலிக்குக் காரணம் கிழிவே என்று முடிவு கட்டலாகாது. கழுத்தெலும்பில் நரம்பு நசுங்கியும் தோளில் வலி வரும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. 2004-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், பெரிய கிழிவுகளைத் தைத்துக்கொண்ட 18 பேரை ஓராண்டுக்குப் பின் அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, 17 பேருக்கு நாண் மீண்டும் கிழிந்திருந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வலி குறைந்து, கையை நன்கு பயன்படுத்திக்கொண்டிருந்தனர். படம் வேறு, மனிதர் வேறு. வைத்தியம் மனிதருக்கேயன்றிப் படத்துக்கு அன்று.

யாருக்கு நிதானம்? யாருக்கு விரைவு?

விழாமலும் அடிபடாமலும், வயதினால் நைந்து கிழிந்த நாண் உடையவர்களுக்கு நிதானம் பொருந்தும். பின்லாந்து தேசத்தில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களின் 180 தோள்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பயிற்சி மட்டும், மற்றொன்றுக்குப் பயிற்சியுடன் கூரை எலும்பைச் சீவுதல், மூன்றாவதற்கு நாணைத் தைப்பதும் சேர்த்து என்று வைத்தியம் செய்தனர். ஓராண்டு முடிவில் மூன்று பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை என்று 2014-இல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் இத்தகைய முழுக் கிழிவு உள்ளவர்களுக்கு முறையான பயிற்சி அளித்தபோது, இரண்டாண்டுக்குள் ரண சிகிச்சையை நாடியவர்கள் நான்கில் ஒரு பங்கினரே. இருப்பினும், நார்வே நாட்டில் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சியில், தைத்துக்கொண்டவர்களின் நிலை காலப்போக்கில் மேலானது என்று 2019-இல் வெளியாயிற்று. எனவே, 'பயிற்சி போதும்' என்று தொடங்கியவர்களும் தோளை அடியோடு மறந்துவிடலாகாது. வலி மிகுந்தாலும் பலம் குறைந்தாலும் மீண்டும் படம் எடுத்துக் கிழிவு வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

விழுந்து அடிபட்ட பிறகு, நேற்றுவரை எழுந்த கை இன்று எழவில்லையென்றால் நிலைமை வேறு. அங்கே தைலத்துக்கு நேரமில்லை. எக்ஸ்-ரேயில் எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் 'ஒன்றுமில்லை' என்று வீடு திரும்புவது வழக்கம். எலும்பு முறியவில்லை என்பது நாண் அறுபடவில்லை என்பதற்குச் சான்றன்று. இரண்டொரு வாரத்தில் கை தேறாவிடில் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்துவிட வேண்டும். இத்தகைய கிழிவுகளைச் சில வாரங்களில், மிஞ்சினால் மூன்று நான்கு மாதங்களுக்குள் தைப்பது நலம் என்பது பெரும்பாலான நிபுணர்களின் கொள்கை. அதன் பின்னர் முனை பின்வாங்கி, தசை கொழுப்பாகி, எளிய தையலால் முடிந்திருக்க வேண்டியது கடினமாகிவிடும். அந்த நிலையையும் தாண்டிவிட்டால், வேறு தசையின் நாணை எடுத்து மாற்றிக் கட்டுவதும், 1985-இல் பிரெஞ்சு டாக்டர் கிராமோன் வகுத்த தலைகீழ்ச் செயற்கை மூட்டைப் பொருத்துவதுமே வழிகளாக எஞ்சும்.

ரண சிகிச்சை செய்துகொண்டாலும், நான்கு முதல் ஆறு வாரம் கை தூளியில் இருக்க வேண்டும். பலம் தரும் பயிற்சிகள் மூன்றாம் மாதத்தை ஒட்டித் தொடங்கும். முழுப் பயன் தெரிய ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும். தனியே சமைத்துச் சாப்பிடுபவரும், பேரக் குழந்தையைத் தூக்கி வளர்க்கும் பாட்டியும் இதை முன்னரே அறிந்து, உதவிக்கு ஆள் ஏற்பாடு செய்துகொண்டு நாள் குறிக்க வேண்டும்.

படம் எடுக்கச் செல்வோர் கவனத்துக்கு

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காதினுள் கருவி பொருத்தியவர்கள், கண்ணிலோ உடலிலோ இரும்புத் துகள் தங்கியவர்கள் இவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உரிய சீட்டுக்களையும் கையில் கொண்டு செல்ல வேண்டும். காந்தம் எந்நேரமும் விழித்திருக்கிறது. சாவிக்கொத்து, கைத்தடி, சக்கர நாற்காலி எதையும் அறையினுள் கொண்டுபோகலாகாது.

நம் குலமகளிருக்கு ஒரு சங்கடம் உண்டு. மூக்குத்தி, மெட்டி, தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது மெய்யே; எனினும் உலோகம் எதுவாயினும் அருகிலிருந்தால் படம் கெடலாம், சூடேறவும் கூடும். தோளைப் படமெடுக்கும்போது கழுத்துச் சங்கிலி மிகவும் பக்கத்தில் இருக்கிறது என்பதை எண்ணவேண்டும். வாசலில் நின்று வாதாடுவதைவிட, முன்னாளிரவே மஞ்சள் சரட்டில் மஞ்சள் கிழங்கைக் கட்டி அணிந்துகொண்டு செல்வது நம் பெரியோர் காட்டிய வழிக்கும் ஒத்தது, விஞ்ஞானத்துக்கும் ஒத்தது.

மற்றொன்று மொழி. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் தாய்க்கு இந்தி தெரியாது. கருவியின் உள்ளே இருபது முதல் நாற்பது நிமிஷம் வரை, சம்மட்டி அடிப்பது போன்ற ஓசையினிடையே அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் 'ஹில்னா மத்' என்று குரல் வந்தால், ஏதோ கேட்கிறார்கள் என்றெண்ணித் தலையைத் தூக்கிவிடுவார். அசைந்தால் படம் கலங்கும். கலங்கிய படத்தில் கிழிவும் தெரியாது, கொழுப்பும் தெரியாது. 'அசையாதே' என்பதே அதன் பொருள் என்று வீட்டிலேயே சொல்லிக் கொடுத்து, ஓசை இப்படித்தான் இருக்கும், பயமாயிருந்தால் கையில் கொடுக்கும் ரப்பர் உருண்டையை அமுக்கலாம் என்று பழக்கி அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடமை.

படம் எடுத்தபின் அறிக்கைத் தாளை மட்டும் வாங்கி வராமல், படங்களையும் தட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். நல்ல ரண சிகிச்சை நிபுணர் அறிக்கையோடு நிற்காமல் படத்தைத் தம் கண்ணாலேயே பார்ப்பார். ஓராண்டு கழித்துக் கிழிவு வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடுவதற்கும் பழைய படம் வேண்டும். 1954-இல் இத்தலைநகரில் தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தைச் சேர்ந்த அன்பர்கள், படத்துக்கும் சிகிச்சைக்கும் உரிய சிபாரிசுச் சீட்டை முன்னதாகவே பெற்றுக்கொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

டாக்டரிடம் மரியாதையோடு கேள்வி கேட்பது அவரை அவமதிப்பதாகாது. கிழிவு பாதியா, முழுமையா? எத்தனை சென்டிமீட்டர்? முனை எங்கே இருக்கிறது? தசையில் கொழுப்பு எந்தத் தரம்? என் வலிக்கு இதுதான் காரணம் என்று தாங்கள் கையைப் பரிசோதித்ததிலும் தெரிகிறதா? மூன்று மாதம் பயிற்சி செய்து பார்த்தால் நஷ்டம் ஏதும் உண்டா? இந்த ஆறு கேள்விகளையும் தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு சென்று, பெற்ற விடைகளை எதிரே குறித்துக்கொண்டு வந்தால், வீட்டில் உட்கார்ந்து அமைதியாக முடிவு செய்யலாம்.

கடைசிக் கேள்விக்கு 'நஷ்டமில்லை' என்று விடை வந்தால், அவசரப்பட்டுக் கத்திக்கு உடன்பட வேண்டுவதில்லை. பயிற்சியை ஒழுங்காகச் செய்யலாம். 'நஷ்டம் உண்டு, தசை இன்னும் நன்றாயிருக்கிறது, இப்போதே தைத்துவிடலாம்' என்று வந்தால், ஊரில் திருவிழா முடியட்டும், பேத்தியின் பரீட்சை முடியட்டும் என்று நாளைத் தள்ளிப் போடவும் வேண்டாம். கிழிந்த நாண் காத்திருக்கலாம். அதன் தசை காத்திராது. அன்பர்கள் இதனை மனத்தில் இருத்தித் தங்கள் தோளையும், தங்களை ஒரு காலத்தில் தோளில் சுமந்த பெற்றோர்களின் தோளையும் பேணிக்கொள்வார்களாக.